பழைய ஜப்பான் வண்டியை மலையேற்றிப் பார்ப்பது

அத்தியாயம் 7

ஆர்எக்ஸ் 100 நல்லதா, ஷோகன் நல்லதா என்று கள்ளக்குறிச்சி டீக்கடை ஒன்றில் கேட்டுவிட்டு உட்காருங்கள். கடை சாத்தும்வரை பதில் முடியாது. இரண்டு கட்சியும் பேசுவது ஷோரூமிலிருந்து அன்று வெளியே வந்த வண்டியைப் பற்றி. நீங்கள் வாங்கப்போவது அதை அல்ல. முப்பது வருடம் ஓடி, இரண்டு மூன்று முறை போர் போட்டு, யார் யாரோ கைவைத்த ஒரு வண்டியை. ஒரு நல்ல ஆர்எக்ஸுக்கும் ஒரு மோசமான ஆர்எக்ஸுக்கும் இருக்கும் தூரம், ஆர்எக்ஸுக்கும் ஷோகனுக்கும் இருக்கும் தூரத்தைவிட அதிகம்.

அதனால் இந்த அத்தியாயத்தில் மாடலோடு மாடலை மோதவிடப் போவதில்லை. உங்கள் முன்னால் நிற்கும் இரண்டு மூன்று வண்டிகளை ஒரே முறையில், ஒரே பாதையில், ஒரே எடையோடு சோதிப்பது எப்படி என்பதுதான் விஷயம். அதற்கு நம் ஊரைவிட வசதியான இடம் கிடையாது. கச்சிராயபாளையம் வரை சமதளம், கோமுகி அணையைத் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகள். ஒரு காலை நேரத்துக்குள் இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் தாள் கணக்கு

இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

• யமஹா ஆர்டி 350: எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் ராஜ்தூத் பெயரோடு கொண்டுவந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 6 கியர். எச்டி வகை 30.5 பிஎச்பி, மைலேஜுக்காகச் சக்தியைக் குறைத்த எல்டி வகை 27 பிஎச்பி. எடை 155 கிலோ அளவில்.

• யமஹா ஆர்எக்ஸ் 100: 1985 முதல் 1996 வரை. 98 சிசி, 11 பிஎச்பி, 4 கியர், எடை 100 கிலோவை ஒட்டி.

• சுசுகி ஷோகன்: நம் ஓசூரில் டிவிஎஸ் சுசுகி செய்தது. 108 சிசி, 14 பிஎச்பி.

• ஹீரோ ஹோண்டா சிடி 100: 1985. 97 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், 7 பிஎச்பிக்குச் சற்று மேல்.

• ஹீரோ ஹோண்டா சிபிஇசட்: 1999. 156.8 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், 12.8 பிஎச்பி, 5 கியர்.

சிடி 100 எப்படி ஸ்போர்ட் வண்டியாகும் என்று கேட்பீர்கள். ஆகாது. அதை அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஏன் என்பது இறக்கத்தில் தெரியும்.

இந்த எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள். வண்டி எடையோடு உங்கள் எடையையும் கூட்டி, 100 கிலோவுக்கு எத்தனை பிஎச்பி என்று பாருங்கள். 70 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் ஆர்எக்ஸுக்கு 6.5. பின்னால் அதே எடையில் இன்னொருவர் உட்கார்ந்தால் 4.6. எச்டி ஆர்டிக்கு ஒருவரோடு 13.6, இருவரோடு 10.3. சிடி 100-க்கு ஒருவரோடே 4-ஐ ஒட்டித்தான் வரும். மச்சானைப் பின்னால் வைத்துக்கொண்டு மலையேறும் ஆர்எக்ஸும், தனியாக ஏறும் சிடி 100-உம் கிட்டத்தட்ட ஒரே கஷ்டத்தில் இருக்கின்றன என்று பொருள். மூவாயிரம் அடி உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். சக்தியும் அதே அளவு குறையும். அது எல்லா வண்டிக்கும் பொது என்பதால் ஒப்பீடு மாறாது. அதற்காக யாராவது கார்புரேட்டர் ஜெட் மாற்றச் சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள்.

வண்டியைத் தொடுமுன் காகிதம்

1. சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியிலேயே பாருங்கள். பெயின்டும் அழுக்கும் மூடியிருந்தால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றிய வண்டிகள் நிறைய. ஆர்சியில் ஏறாத இன்ஜின் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

2. பதிவு 15 வருடத்துக்குத்தான். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. காலாவதியாகி இருந்தால், விற்பவர் புதுப்பித்துக் கொடுத்த பிறகுதான் முழுப் பணம்.

3. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஊர்ப் பதிவு என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. "கையெழுத்து போட்டுத் தர்றேன்ணா, நீங்க அப்புறமா மாத்திக்குங்க" என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

4. இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோடு இல்லாத வண்டியைச் சோதனைக்குக்கூடச் சாலையில் எடுக்க வேண்டாம்.

நின்ற இடத்துச் சோதனை

வேலையில் பாதி இங்கேதான். அவசரப்படுபவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். கையில் ஒரு டார்ச், பிளக் ஸ்பேனர், கம்ப்ரெஷன் கேஜ், பழைய துணி போதும்.

1. இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் "நாளைக்குக் காலையில வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்லவில்லை. வீட்டு வாசலில் வண்டி வெதுவெதுப்பாக, முதல் உதையில் பாட்டுப் பாடியது. இரண்டாவது மாதம் கிராங்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை ஜில்லென்ற இன்ஜின் சோக் போட்டு மூன்று நான்கு உதைக்குள் எழுந்தால் நல்லது. பத்து உதை கேட்டால் காரணம் உள்ளே இருக்கிறது.

2. கம்ப்ரெஷன் பாருங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கை வயரோடு மாட்டி, அதன் உலோகப் பகுதியை இன்ஜினில் படும்படி, துளையிலிருந்து தள்ளி வையுங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள். கேஜைத் திருகி, ஆக்சிலேட்டரை முழுதும் முறுக்கிப் பிடித்து, முள் ஏறாமல் நிற்கும்வரை உதையுங்கள். 100 சிசி டூ ஸ்ட்ரோக்கில் 120 பிஎஸ்ஐ அருகே வந்தால் தைரியமாக மேலே போகலாம். 90-க்குக் கீழே என்றால் போர் வேலை காத்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஆர்டியில் இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் கொஞ்சம் குறைவாக இருப்பதைவிட, ஒன்று நன்றாக இருந்து மற்றது படுத்திருப்பது கெட்ட அறிகுறி.

3. எத்தனையாவது போர் என்று கேளுங்கள். ஆர்எக்ஸின் ஸ்டாண்டர்டு போர் 50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஏறும். கடைசி அளவு வரை போன சிலிண்டரில் அடுத்த முறை புது ஸ்லீவ் அடிக்க வேண்டும். "பெரிய போர், அதனால செம பிக்கப்" என்பது வெறும் பேச்சு, 51 மி.மீ. போட்டாலும் 102 சிசிதான்.

4. மேக்னெட் மூடியைத் திறக்கச் சொல்லி, மேக்னெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சிறிது ஆடினாலும் கிராங்க் பேரிங் போய்விட்டது. திறக்க விற்பவர் தயங்கினால் அதையும் ஒரு பதிலாக எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் முதல் இரண்டு நிமிடம் புகைவிடும்; பயப்பட வேண்டாம். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கவில்லை, கியர் ஆயிலும் குறைகிறது என்றால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் கிழிந்து கியர் ஆயில் எரிகிறது. மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் புகை காட்டிக்கொடுக்காது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும்; வெளிக்காற்று உள்ளே போகிறது. இரண்டில் இதுவே ஆபத்து, ஏனென்றால் மலை ஏற்றத்தில் பிஸ்டன் பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

6. ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுங்கள்; ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் வீல் பேரிங்கும் அதில் தெரியும். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சுண்டுங்கள். ஒரே ஓசை வர வேண்டும். சத்தமே வராதது தளர்ந்தது.

7. இரண்டு டிரம்மையும் கழற்றி பிரேக் ஷூவைப் பாருங்கள். ஜப்பானில் விற்ற ஆர்டி 350-இல் முன்னால் டிஸ்க் இருந்தது. இங்கே செய்ததில் முன்னும் பின்னும் டிரம். முப்பது குதிரையை இரண்டு டிரம்மில் நிறுத்தும் வண்டி அது என்பதை மனதில் வையுங்கள்.

குறிப்பு: ஏழில் இரண்டு தேறாத வண்டியை மலைக்கு எடுத்துப் போக வேண்டாம். ஐந்தாவதோ ஏழாவதோ தேறவில்லை என்றால் அது ஒன்றே போதும், நிறுத்திவிடுங்கள்.

சமதளம்: கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம்

1. டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். எல்லா வண்டிக்கும் ஒரே பங்க், ஒரே டயர் காற்று, ஒரே ஓட்டுநர். எடை குறைந்த தம்பி ஒரு வண்டியும் நீங்கள் ஒரு வண்டியும் ஓட்டிவிட்டு ஒப்பிட்டால் அது உங்கள் இருவரின் எடை ஒப்பீடு.

2. கையால் ஆயில் கலக்கும் வண்டிக்குப் பெட்ரோல் லிட்டருக்கு 20 முதல் 30 மி.லி. 2டி ஆயில். ஆட்டோலூப் பம்பு உள்ள வண்டியில், பம்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று ஆயில் குழாயைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பம்பைக் கழற்றிவிட்டுச் சொல்லாமல் விற்கும் வழக்கம் உண்டு. சந்தேகம் இருந்தால் சோதனை நாளில் டேங்கிலும் கலந்துவிடுங்கள். புகை கூடும், இன்ஜின் பிழைக்கும்.

3. இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் பிறந்தபோது அது இல்லை. பழைய ரப்பர் குழாய் ஊறிக் கசியும். கலவையும் சற்று மெலியும். கச்சிராயபாளையத்தில் நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறம் சரி. வெள்ளையாக வெளிறியிருந்தால் மேலே ஏறாதீர்கள். கரியும் ஈரமுமாக இருந்தால் ஏறலாம், பின்னால் வருபவர் இருமுவார்.

4. ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள். கிலோமீட்டர் கல்லிலிருந்து கல்லுக்கு, போனில் நேரம் எடுக்க வேண்டியவர் பின்னால் இருப்பவர். நிலையாக 50-இல் போகும்போது கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் அதிர்வை 10-க்கு இத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அதிகபட்ச வேகம் பார்க்க வேண்டாம். சோழவரம், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடங்களில் இந்த வண்டிகள் பறந்தன. அங்கே எதிரில் கரும்பு டிராக்டர் வராது.

ஏற்றம்

கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். முடியும் இடத்துக்கு வழியோரத்தில் விழும் பெரியார் அருவி வசதியானது. நிறுத்த இடம் இருக்கும், இன்ஜின் ஆறும்வரை பார்க்க ஏதாவது இருக்கும்.

1. முதலில் தனியாக, பிறகு இருவராக ஏறுங்கள். இரண்டு ஏற்றத்துக்கும் நடுவே அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

2. நேரத்தைக் குறிக்காதீர்கள். எந்த வளைவில் மூன்றாவது கியர் தாங்காமல் இரண்டாவதுக்கு இறக்கினீர்கள், எங்கே முதல் கியர் கேட்டது என்று குறியுங்கள். நேரம் பார்த்தால் போட்டி வந்துவிடும். கியர் பொய் சொல்லாது.

3. இங்கே வண்டிகளின் குணம் பிரியும். ஆர்எக்ஸ் கீழிருந்தே இழுக்கும். கொண்டை ஊசி வளைவிலிருந்து இரண்டாவது கியரில் தள்ளாடாமல் எழும். ஷோகனின் 14 பிஎச்பி மேலே சுற்றினால்தான் கிடைக்கும். சுற்றலைக் கீழே விட்டால் கியரை இறக்கி மறுபடி கிளப்ப வேண்டும், இருவராக ஏறும்போது கை ஓயாது. ஆர்டிக்கு இந்த ஏற்றம் ஒரு பொருட்டல்ல. ஆனால் இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் திறக்காவிட்டால் மெதுவான வளைவில் திக்கித் திக்கி, திடீரென்று தூக்கும். ஈரச் சாலையில் அந்தத் தூக்கல் ஆளைக் கீழே போடும். சிபிஇசட் சத்தமில்லாமல் ஏறிவிடும். எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது, அதுவே அதன் மதிப்பெண்.

4. இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல். சக்தி திடீரென்று குறைந்து, இன்ஜினிலிருந்து உலோகம் உரசும் ஓசை வந்தால் அடுத்த நொடி கிளட்சைப் பிடியுங்கள். பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்ச் பிடித்தால் வண்டி உருண்டு ஓரம் சேரும்.

5. பிடித்துவிட்ட இன்ஜின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அருவி பக்கத்தில் இருக்கும், ஆசை வரும். அரைமணி நேரம் நிழலில் விடுங்கள். பிறகு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். இறங்கினால் மெதுவாக ஊர் திரும்பி சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள். இறங்காவிட்டால் காலால் உதைக்காமல் ஒரு மினி டெம்போவுக்குச் சொல்லுங்கள். பல வளைவுகளில் போனில் சிக்னல் இருக்காது. தனியாகப் போகக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம்.

இறக்கம்

ஏறியதைப் பற்றி ஊரே பேசும். வண்டியும் ஆளும் கெடுவது இறக்கத்தில்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் போகிறது. ஆக்சிலேட்டரை முழுதும் மூடிவிட்டுக் கியரில் நீளமாக இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் போதிய அளவு போகாது. ஆட்டோலூப் பம்பும் ஆக்சிலேட்டரோடு கட்டியது என்பதால் அதுவும் காப்பாற்றாது. போதாததற்கு, டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் மிகக் குறைவு. முழுச் சுமையும் டிரம்முக்கு வரும்.

1. ஏறிய கியரைவிட மேல் கியரில் இறங்காதீர்கள்.

2. பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை கிளட்ச் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். பழகினால் தானாக வரும்.

3. பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, வளைவை எடுங்கள்.

4. எரிந்த வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ நிறுத்துங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றிலேயே ஆறட்டும்.

5. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுவதை இந்தப் பக்கத்தில் பலர் செய்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டாம். மரவள்ளி மூட்டையோடு வளைவில் லாரி எதிர்ப்பட்டால் கியரும் இல்லை, இன்ஜினும் இல்லை.

எங்கே முதல்முறை பிரேக் வாடை வந்தது என்று வளைவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு குறிப்பில் சிடி 100 டூ ஸ்ட்ரோக் வண்டிகளை முந்தும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினே பாதிப் பிடியைக் கொடுத்துவிடும், ஆயிலும் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். வெள்ளிமலைக்குத் தினமும் போய்வரும் ஆசிரியர் ஒருவர் என்னிடம் வண்டி கேட்டால் ஆர்எக்ஸைச் சொல்ல மாட்டேன். எனக்கு ஆர்எக்ஸ்தான் பிடிக்கும் என்றாலும்.

நம்பகத்தை அளப்பது

ஒரு நாள் சோதனை வேகத்தைச் சொல்லும், நம்பகத்தைச் சொல்லாது. வாங்கியபின் 1,000 கிலோமீட்டர் வரை ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு பிரச்சினையையும் மூன்று தலைப்பில் எழுதுங்கள்: வீட்டில் தெரிந்தது, வழியில் நின்று சரிசெய்தது, தள்ளிக்கொண்டு வந்தது. நூறு சின்னத் தொல்லையைவிட மூன்றாவது தலைப்பில் ஒரு வரி கனம்.

பக்கத்திலேயே ஸ்பேர் கிடைக்க எத்தனை நாள் ஆனது என்றும் எழுதுங்கள். ஆர்எக்ஸுக்குக் கேபிள், ஷூ, பிஸ்டன் எல்லாம் உள்ளூரிலேயே வாங்கலாம், போலிதான் பிரச்சினை. ஷோகனின் நிலைமை வேறு. 2001-இல் டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிந்துவிட்டன. நல்ல ஷோகன் கிடைத்தாலும் அதனுடன் ஒரு ஸ்பேர் வண்டியையும் சேர்த்து வாங்குவது புத்தி. ஆர்டிக்கு ஸ்பேர் விலை கேட்டால் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

• வாங்கிய வாரமே சைலன்சரை மாற்றி, போர்ட் அரைத்து "டியூன்" செய்வது. அதன்பின் உங்கள் ஒப்பீட்டுக் குறிப்புகள் குப்பை. சத்தத்துக்கு அபராதமும் உண்டு.

• புகை வருகிறது என்று 2டி ஆயிலைக் குறைப்பது.

• கையேட்டில் சொன்ன சூட்டு எண்ணைப் பார்க்காமல், மரையில் பொருந்துகிறதே என்று எந்த பிளக்கையாவது போடுவது.

• புதுப் பிஸ்டன் போட்டு முதல் ஞாயிறே மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு நண்பர்களோடு கிளம்புவது. முதல் 500 கிலோமீட்டர் சமதளத்தில், பாதி ஆக்சிலேட்டருக்குள், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். தியாகதுருகம், சின்னசேலம் என்று பகலில் சுற்றுங்கள். கரியாலூர் படகு எங்கும் போய்விடாது.

• ஐப்பசி, கார்த்திகை மழையில் சோதனை வைப்பது. சேறும் சருகும் கிடக்கும் வளைவில் டயரைத்தான் சோதிப்பீர்கள், இன்ஜினை அல்ல. தை பிறந்தபின் ஒரு வார நாளில், காலை ஏழு மணிக்குக் கிளம்புவது சரி. பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பையில் ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஆக்சிலேட்டர் கேபிள், செயின் லாக், 100 மி.லி. 2டி ஆயில்.

திரும்பியதும் அதே பங்கில், வண்டியை அதே சாய்வில் நிறுத்தி விளிம்புவரை நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது என்று நோட்டில் எழுதிவிட்டு, இன்ஜின் ஆறுமுன் பிளக்கைக் கழற்றி இன்னொருமுறை நிறம் பாருங்கள். கை சுடும், துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.